டயமண்ட் வடிசாலை

டயமண்ட் வடிசாலை என்பது தென் அமெரிக்காவின் வடகரையில் அமைந்துள்ள கயானா நாட்டின் ரம் வடிசாலை ஆகும். டெமராரா ஆற்றின் கிழக்குக் கரையில், தலைநகர் ஜார்ஜ்டவுனுக்குத் தெற்கே, முன்பு டயமண்ட் கரும்புத் தோட்டம் இருந்த இடத்தில் இது உள்ளது. டெமராரா டிஸ்டில்லர்ஸ் என்னும் நிறுவனத்திற்கு உரிமையான இவ்வடிசாலையில் எல் டொராடோ என்னும் பெயர் கொண்ட முதிர்விக்கப்பட்ட ரம் வகைகள் தயாரிக்கப்படுகின்றன. நிலவியல்படி கயானா தென் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. எனினும் மொழி, வரலாறு, துடுப்பாட்டம் ஆகியவற்றால் அது கரிபிய நாடுகளுள் ஒன்றாகவே கொள்ளப்படுகிறது. கரிபியச் சமூகம் என்னும் நாடுகளின் கூட்டமைப்பின் தலைமையகமும் ஜார்ஜ்டவுனிலேயே உள்ளது.

பிற ரம் வடிசாலைகளிலிருந்து டயமண்ட் வேறுபடுவதற்குக் காரணம் அங்குள்ள வடிகலங்களே. கயானாவில் ஒவ்வொரு கரும்புத் தோட்டத்திற்கும் தனித்தனி வடிசாலை இருந்த காலம் ஒன்று உண்டு. அவை ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது, சிலவற்றின் வடிகலங்கள் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டு, இறுதியில் டயமண்டை வந்தடைந்தன. மரத்தால் ஆன மூன்று வடிகலங்கள் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

கரும்பும் ரம்மும்

இன்றைய கயானாவின் கடற்கரையில் எஸ்ஸெக்கிபோ, டெமராரா, பெர்பிஸ் என்னும் மூன்று குடியேற்றங்களை ஒல்லாந்தர் ஏற்படுத்தினர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவை பிரித்தானியர் கைக்கு மாறத் தொடங்கின. 1814இல் முறைப்படி அவர்களுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டன. 1831இல் மூன்றும் ஒன்றிணைக்கப்பட்டுப் பிரித்தானிய கயானா ஆயின.

இக்கடற்கரையின் பெரும்பகுதி கடலின் உயர் அலைமட்டத்திற்குக் கீழே உள்ள சதுப்பு நிலம் ஆகும். அதைக் கரும்பு நிலமாக்க, முன்புறம் கடலைத் தடுக்கும் அணையும் பின்புறம் நன்னீரைத் தடுக்கும் அணையும் இடையில் வாய்க்கால்களும் வெட்டப்பட்டன. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளே மண்வெட்டி கொண்டு இவ்வேலையைச் செய்தனர். இதற்காகக் குறைந்தது 10 கோடி டன் மண் அகழப்பட்டிருக்க வேண்டும் என்று 20ஆம் நூற்றாண்டின் நடுவில் சர்க்கரைத் தொழிலை ஆராய்ந்த வென் ஆணையம் மதிப்பிட்டது. 1763இல் பெர்பிசிலும் 1823இல் டெமராராவின் கிழக்குக் கடற்கரைத் தோட்டங்களிலும் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். இரண்டு எழுச்சிகளும் கொடூரமாக அடக்கப்பட்டன.

கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்த பின் எஞ்சுவது மொலாசஸ் எனப்படும் கரிய கழிவுப்பாகு. இதை நீரில் கரைத்து நொதிக்கவிட்டு வடித்தால் ரம் கிடைக்கும். வீணாகப் போகும் பொருள் விற்பனைச் சரக்காக மாறியதால் ஏறத்தாழ எல்லாத் தோட்டங்களும் ஆலையின் அருகே ஒரு வடிசாலையையும் வைத்துக்கொண்டன. 18ஆம் நூற்றாண்டில் இத்தகைய வடிசாலைகள் 300க்கு மேல் இருந்ததாகக் கூறப்படுகிறது. ஒவ்வொரு தோட்டமும் தன் பீப்பாய்களின் மீது சில எழுத்துக்களைக் குறியாக இட்டது. போர்ட் மௌரண்ட் தோட்டத்தின் குறி பி.எம். என்பதாகும். என்மோர் தோட்டத்தின் குறியான ஈ.எச்.பி. என்பது அதன் உரிமையாளராக இருந்த எட்வர்ட் ஹென்றி போர்ட்டர் என்பவரின் பெயரிலிருந்து வந்தது. இலண்டனில் இருந்த வணிகர்கள் பீப்பாயைத் திறக்காமலே குறியைப் பார்த்து உள்ளிருக்கும் ரம்மின் தன்மையை அறிந்துகொண்டனர். இக்குறிகள் இன்றும் வழக்கில் உள்ளன.

ஒப்பந்தத் தொழிலாளர்

1838 ஆகஸ்ட் 1ஆம் நாள் அடிமைகள் முழு விடுதலை பெற்றனர். அவர்களுள் பலர் தோட்டங்களை விட்டு வெளியேறினர். கூட்டாகப் பணம் சேர்த்து நிலம் வாங்கி ஊர்களை அமைத்தனர். தோட்ட முதலாளிகள் குறைந்த கூலிக்கு வேறு ஆட்களைத் தேடினர். அதே ஆண்டு மே 5ஆம் நாள், விட்பி, ஹெஸ்பெரஸ் என்னும் இரு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தன. 1917இல் இம்முறை நிறுத்தப்படும் வரை ஏறத்தாழ 2,39,000 இந்தியர் பிரித்தானிய கயானாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். பெரும்பாலோர் வட இந்தியர். 1845 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஒரு சிறு பகுதியினர் சென்றனர். இவர்களுள் தமிழரும் தெலுங்கரும் இருந்தனர்.

சென்னையிலிருந்து சென்றோர் கயானாவில் மத்ராசிகள் என்று அழைக்கப்பட்டனர். அவர்களின் மொழி இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் பேச்சு வழக்கிலிருந்து மறைந்தது. ஆயினும் காளிமாயி வழிபாடு என்னும் பெயரில் மாரியம்மன் வழிபாடு இன்றளவும் தொடர்கிறது. பெர்பிஸ் பகுதி இதற்குப் பெயர் பெற்றது. இக்கோயில்களில் மதுரைவீரனும் வணங்கப்படுகிறான். தமிழகத்து ஊர்க் கோயில்களில் காவல் தெய்வத்திற்குச் சாராயமும் சுருட்டும் படைப்பது போல, கயானாவில் மதுரைவீரனுக்கு ரம் படைக்கப்படுகிறது.

மேலே குறிப்பிட்ட போர்ட் மௌரண்ட் தோட்டமும் பெர்பிசிலேயே உள்ளது. கயானாவின் அதிபராக 1992 முதல் 1997 வரை இருந்த செட்டி ஜகன் 1918இல் இத்தோட்டத்தில் ஒரு கரும்புத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு ஆடிய ரோகன் கன்ஹாய், பேசில் புட்சர், ஜோ சாலமன் ஆகியோரும் இவ்வூரினரே. ஒரே தோட்டத்திலிருந்து மூன்று தேர்வுத் துடுப்பாட்ட வீரர்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவானது துடுப்பாட்ட வரலாற்றில் அரிது.

கடற்படை ரம்

பிரித்தானிய அரச கடற்படையில் மாலுமிகளுக்கு நாள்தோறும் ரம் வழங்கும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டில் கரிபியப் பகுதியில் தொடங்கியது. 1740இல் கடற்படைத் தலைவர் எட்வர்ட் வெர்னன் அதில் நீர் கலந்து கொடுக்க ஆணையிட்டார். கடற்படைக்கான ரம் பல குடியேற்றங்களிலிருந்து வாங்கிக் கலக்கப்பட்டது. அக்கலவையின் முதுகெலும்பாக இருந்தது டெமராரா ரம். கனத்த சுவையும் மணமும் கொண்ட போர்ட் மௌரண்ட் வகை அதற்கெனவே வேண்டப்பட்டது. இறுதிக் காலத்தில் ஒரு மாலுமிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 71 மில்லிலிட்டர் ரம் வழங்கப்பட்டது. 1970 ஜூலை 31ஆம் நாள் இவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. மாலுமிகள் அந்நாளைக் கறுப்பு நாளாகக் கருதினர்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக டெமராரா ரம் முதிர்விக்கப்படாமலோ சிறிதளவே முதிர்விக்கப்பட்டோ மொத்தமாகக் கப்பலேறியது. அது இலண்டன், லிவர்பூல் முதலிய துறைமுகக் கிடங்குகளில் முதிர்ந்து, ஆங்கிலேய வணிகர்களின் பெயர்களைத் தாங்கிய புட்டிகளில் விற்பனையானது. டெமராரா என்ற சொல் புட்டியில் இருந்தபோதும், அதைக் காய்ச்சிய தோட்டத்தின் பெயர் குடிப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. விலையின் பெரும்பங்கும் கயானாவுக்கு வெளியிலேயே தங்கியது.

தோட்டங்களின் மறைவு

19ஆம் நூற்றாண்டில் சர்க்கரை விலை வீழ்ந்தபோது சிறு தோட்டங்கள் பெரியவற்றுடன் இணைக்கப்பட்டன. வடிசாலைகளின் எண்ணிக்கையும் அதற்கேற்பக் குறைந்தது. 20ஆம் நூற்றாண்டில் பெரும்பாலான தோட்டங்கள் புக்கர்ஸ் நிறுவனத்தின் பிடியில் இருந்தன. டயமண்ட் தோட்டம் டெமராரா கம்பெனி என்னும் மற்றொரு ஆங்கிலேய நிறுவனத்திற்கு உரியதாக இருந்தது.

தோட்டத் தொழிலாளரின் நிலை மோசமாகவே தொடர்ந்தது. வெட்டிய கரும்பைத் தொழிலாளரே சுமந்து படகுகளில் ஏற்ற வேண்டும் என்ற முறையை எதிர்த்து 1948இல் டெமராராவின் கிழக்குக் கடற்கரையில் வேலைநிறுத்தம் நடந்தது. ஜூன் 16ஆம் நாள் என்மோர் தோட்டத்தில் காவல்துறையினர் சுட்டதில் ஐந்து தொழிலாளர் இறந்தனர். இவர்கள் என்மோர் தியாகிகள் என்று நினைவுகூரப்படுகின்றனர். அவர்களின் இறுதி ஊர்வலத்தில் பங்கேற்ற செட்டி ஜகன், அந்நிகழ்வே தம் அரசியல் வாழ்வின் திசையை உறுதி செய்தது என்று பின்னர் எழுதினார். ரம் விரும்பிகளிடையே என்மோர் என்பது ஒரு சுவையின் பெயர்; கயானா மக்களுக்கோ முதலில் நினைவுக்கு வருவது இந்த ஐவரே.

1966இல் கயானா விடுதலை பெற்றது. 1975இல் டெமராரா கம்பெனியும் 1976இல் புக்கர்சும் நாட்டுடைமையாக்கப்பட்டன. சர்க்கரை ஆலைகள் கயானா சர்க்கரைக் கழகத்தின் கீழ் வந்தன. வடிசாலைகள் தனியாகப் பிரிக்கப்பட்டன. அவற்றை நடத்திய இரண்டு நிறுவனங்கள் 1983இல் இணைந்து டெமராரா டிஸ்டில்லர்ஸ் உருவானது. அப்போது எஞ்சியிருந்த வடிசாலைகள் மூன்றே: டயமண்ட், என்மோர், ஊட்ஃப்ளுக்ட். என்மோர் 1990களின் நடுவிலும் ஊட்ஃப்ளுக்ட் 2000ஆம் ஆண்டையொட்டியும் மூடப்பட்டன. அதன்பின் டெமராரா ரம் முழுவதும் டயமண்டிலேயே வடிக்கப்படுகிறது.

மர வடிகலங்கள்

வழக்கமாக வடிகலங்கள் செம்பினால் செய்யப்படுகின்றன. ஐரோப்பாவிலிருந்து செம்பு கொண்டுவருவது செலவு மிக்கதாக இருந்த காலத்தில், கயானாவில் கிடைத்த கிரீன்ஹார்ட் என்னும் மரம் அதற்கு மாற்றாக அமைந்தது. இது மிகக் கடினமானது. நீரில் எளிதில் உளுத்துப் போகாதது. துறைமுக மதகுகளுக்கும் கப்பல்களுக்கும் இம்மரம் பயன்பட்டது. தென்முனைப் பயணத்தில் பனிக்கட்டியிடையே சிக்கி உடைந்த ஷாக்கில்டனின் எண்டுரன்ஸ் கப்பலின் வெளிப்புறமும் கிரீன்ஹார்ட்டினால் போர்த்தப்பட்டிருந்தது.

டயமண்டில் இப்போது உள்ள மர வடிகலங்கள் மூன்று.

போர்ட் மௌரண்ட் இரட்டை வடிகலம் இவற்றுள் மிகப் பழமையானது. 1732ஆம் ஆண்டைச் சேர்ந்தது எனக் கூறப்படுகிறது. இரண்டு பெரிய மரத்தொட்டிகள் செம்புக் கழுத்தினால் இணைக்கப்பட்டுள்ளன. முதல் தொட்டியிலிருந்து எழும் ஆவி இரண்டாம் தொட்டியில் உள்ள நீர்மத்தினூடே சென்று அதையும் கொதிக்கச் செய்கிறது. இதனால் ஒரே ஓட்டத்தில் இருமுறை வடித்த பயன் கிடைக்கிறது. அதிமதுரம், தோல், மரப்பிசின் ஆகியவற்றை நினைவூட்டும் கனத்த மணம் இதன் இயல்பு. போர்ட் மௌரண்ட் வடிசாலை 1950களில் மூடப்பட்ட பின் இவ்வடிகலம் வேறு தோட்டங்களுக்கு மாற்றப்பட்டு, ஊட்ஃப்ளுக்ட் வழியாக டயமண்டை அடைந்தது.

வெர்சேல்ஸ் ஒற்றை வடிகலம் டெமராரா ஆற்றின் மேற்குக் கரையில் இருந்த அப்பெயருடைய தோட்டத்திலிருந்து வந்தது. இதுவும் என்மோர், ஊட்ஃப்ளுக்ட் ஆகிய வடிசாலைகளில் இயங்கிய பின்னரே டயமண்டில் நிலைகொண்டது.

மூன்றாவது என்மோர் வடிகலம். 1880இல் அமைக்கப்பட்ட இது காஃபி வகையைச் சேர்ந்தது. அயர்லாந்தைச் சேர்ந்த ஏனியாஸ் காஃபி 1830இல் காப்புரிமை பெற்ற இவ்வகையில், நொதித்த நீர்மம் மேலிருந்து கீழ்நோக்கியும் நீராவி கீழிருந்து மேல்நோக்கியும் இடைவிடாமல் செல்கின்றன. தொட்டி வடிகலத்தைப் போல ஒவ்வொரு முறையும் நிரப்பி, காய்ச்சி, வெறுமையாக்க வேண்டியதில்லை. இவ்வகை உலகெங்கும் உலோகத்தால் செய்யப்படுகிறது. மரத்தால் ஆனவற்றுள் இன்றும் வணிக அளவில் இயங்குவது என்மோர் வடிகலம் ஒன்றே என்று நிறுவனம் குறிப்பிடுகிறது.

மரம் எவ்வளவு கடினமானதாயினும் நாள்தோறும் கொதிநீராவியைத் தாங்குவதால் பலகைகள் பழுதாகின்றன. அவை அவ்வப்போது மாற்றப்படுகின்றன. எனவே 1732ஆம் ஆண்டின் மரம் அப்படியே இன்றும் உள்ளது என்று கொள்வது பொருந்தாது. நிலைத்திருப்பது வடிகலத்தின் அமைப்பும் அளவும் அதைப் பழுதுபார்க்கும் தச்சர்களின் கைத்திறனும் ஆகும். புதிய இடத்தில் புதிய உலோக வடிகலம் நிறுவுவது எளிதாக இருந்தும், இவற்றைப் பிரித்து ஆறு கடந்து கொண்டுவந்து மீண்டும் பொருத்தியதற்குக் காரணம் சுவையே. கலவைகளுக்குத் தேவையான பழைய குறிகளை வேறு கருவியில் உருவாக்க இயலவில்லை.

இவை தவிர, உலோகத்தாலான காஃபி வடிகலங்களும் ஊட்ஃப்ளுக்டிலிருந்து வந்த பிரெஞ்சு சவால் வகை வடிகலமும் டயமண்டில் உள்ளன. அளவில் பெரும்பகுதி ரம் இவற்றிலிருந்தே கிடைக்கிறது.

தயாரிப்பும் முதிர்வித்தலும்

மொலாசஸ் நீரில் கரைக்கப்பட்டு நொதியம் சேர்க்கப்படுகிறது. வெப்ப நாடாகையால் ஓரிரு நாட்களில் நொதித்தல் முடிந்துவிடும். வடித்தெடுத்த ரம் நிறமற்றது. அது அமெரிக்க ஓக் மரப் பீப்பாய்களில் நிரப்பப்பட்டுக் கிடங்குகளில் அடுக்கப்படுகிறது. அமெரிக்கச் சட்டப்படி பூர்பன் விஸ்கியைப் புதிய பீப்பாயில்தான் முதிர்விக்க வேண்டும். ஆகவே ஒருமுறை பயன்படுத்தப்பட்ட பீப்பாய்கள் மலிவாகக் கிடைக்கின்றன. கரிபிய ரம் தொழில் பெரிதும் இவற்றையே நம்பியுள்ளது.

பீப்பாயின் நுண்துளைகள் வழியாக ரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஸ்காட்லாந்து போன்ற குளிர்நாடுகளில் இவ்விழப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு. கயானாவின் வெப்பத்தில் அது 5 அல்லது 6 விழுக்காடு வரை செல்கிறது. அந்த அளவில் 15 ஆண்டுகள் கழியும்போது பீப்பாயில் இட்டதில் பாதிக்கும் மேல் மறைந்திருக்கும். அதே வேளையில் மரத்தின் சாரம் விரைவாக இறங்குகிறது. அதனால் வெப்ப நாட்டில் 15 ஆண்டு முதிர்ந்த ரம்மையும் குளிர்நாட்டில் 15 ஆண்டு முதிர்ந்த விஸ்கியையும் வயதை மட்டும் கொண்டு ஒப்பிட முடியாது. முன்னாளில் இலண்டனுக்கு அனுப்பி முதிர்விப்பது வணிகர்களுக்கு ஆதாயமாக இருந்ததற்கும், கயானாவிலேயே முதிர்விக்கும் முடிவு துணிச்சலானதாகக் கருதப்பட்டதற்கும் இந்த இழப்பே காரணம்.

எல் டொராடோ

அத்துணிச்சலான முடிவு யேசு பெர்சாத் தலைமையில் செயலுக்கு வந்தது. 1928இல் இதே டயமண்ட் தோட்டத்தில் கரும்புத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த இவர், இங்கிலாந்தில் கணக்கியல் பயின்று திரும்பி, டெமராரா டிஸ்டில்லர்சின் தலைவராக உயர்ந்தார். ரம்மை மொத்தமாக ஏற்றுமதி செய்வதோடு நிற்காமல், உள்நாட்டிலேயே நெடுங்காலம் முதிர்வித்து, புட்டியில் அடைத்து, சொந்தப் பெயரில் விற்க நிறுவனம் முனைந்தது. 1990களின் தொடக்கத்தில் எல் டொராடோ 15 ஆண்டு ரம் வெளியானது. பொன்னாலான நகரைத் தேடி 1595இல் வால்டர் ராலே இப்பகுதிக்கு வந்த கதையிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. விஸ்கி, பிராந்தி ஆகியவற்றிற்கு இணையாக ரம்மையும் ஆண்டுக்கணக்கைக் குறிப்பிட்டு உயர்விலையில் விற்கலாம் என்பது அக்காலத்தில் பலர் நம்பாத செய்தி. 1998 முதல் 2001 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இலண்டனின் பன்னாட்டு வைன் மற்றும் மதுவகைப் போட்டியில் உலகின் சிறந்த ரம்முக்கான கோப்பையை இது வென்றது. யேசு பெர்சாத் 2022இல் காலமானார்.

15 ஆண்டு ரம் ஒரு கலவை. மூன்று மர வடிகலங்களின் ரம்மும் டயமண்டின் உலோக வடிகலத்தின் ரம்மும் இதில் சேர்கின்றன. 21 ஆண்டு ரம்மில் வெர்சேல்ஸ், என்மோர் ஆகியவற்றுடன் ஏ.என். என்னும் ஆல்பியன் தோட்டக் குறியுடைய ரம் இடம்பெறுகிறது. ஆல்பியனின் வடிசாலை மறைந்து நெடுங்காலம் ஆகியும் அக்குறிக்குரிய சுவை சவால் வடிகலத்தில் உருவாக்கப்படுகிறது. புட்டியின் மீதுள்ள ஆண்டு, கலவையில் உள்ள மிக இளைய ரம்மின் வயதைக் குறிக்கும்.

இத்தாலியைச் சேர்ந்த வெலியர் நிறுவனம் 2000களில் டயமண்டின் கிடங்குகளிலிருந்து தேர்ந்தெடுத்த தனித்தனிக் குறிகளைக் கலக்காமலும் நீர் சேர்க்காமலும் வெளியிட்டது. அவற்றுள் ஸ்கெல்டன் தோட்டக் குறியுடைய 1973ஆம் ஆண்டு ரம் இன்று சேகரிப்போரிடையே பெரும் விலைக்குப் போகிறது. இவ்வரவேற்பைக் கண்ட டெமராரா டிஸ்டில்லர்ஸ் 2016இல் போர்ட் மௌரண்ட், என்மோர், வெர்சேல்ஸ் ஆகிய பெயர்களில் தானே தனி வடிகல ரம்களை வெளியிட்டது. தோட்டத்தின் பெயரைப் புட்டியின் முகப்பில் கயானா நிறுவனமே எழுதியது இவ்வரிசையின் சிறப்பு.

சர்க்கரை பற்றிய சர்ச்சை

பின்லாந்து, சுவீடன் ஆகிய நாடுகளில் மது விற்பனை அரசு நிறுவனங்களிடம் உள்ளது. அவை தாம் விற்கும் மதுவகைகளின் சர்க்கரை அளவை வெளியிடுவது வழக்கம். 2010களில் அவ்வாறு வெளியான அளவுகள், எல் டொராடோவின் பல வகைகளில் வடித்த பின் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்ததைக் காட்டின. வடித்த ரம்மில் இயல்பாகச் சர்க்கரை இருக்காது என்பதால் இது ரம் ஆர்வலரிடையே கடும் விவாதமாயிற்று. கருநிறமும் இனிப்பும் டெமராரா ரம்மின் பழைய மரபு என்று ஒரு சாரார் வாதிட்டனர். மரபாயினும் வாங்குவோருக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்ற மறுதரப்பின் வாதமே வலுவானது. பின்னாளில் இச்சேர்க்கை குறைக்கப்பட்டது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் டெமராரா ரம் என்பதைப் புவிசார் குறியீடாகப் பதிவு செய்தது.

அண்மைக்கால நிலை

வடிசாலைக்கு மூலப்பொருள் தரும் சர்க்கரைத் தொழில் நலிந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் வழங்கிவந்த சலுகை விலை நின்றுபோனதும் கயானா சர்க்கரைக் கழகம் பெரும் இழப்பில் ஆழ்ந்தது. 2016இன் இறுதியில் வேல்ஸ் தோட்டமும், 2017இல் என்மோர், ரோஸ்ஹால், ஸ்கெல்டன் ஆகிய ஆலைகளும் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலை இழந்தனர். ரோஸ்ஹால் ஆலை 2023இல் மீண்டும் இயக்கப்பட்டது. என்மோரில் சர்க்கரை உற்பத்தி மீளவில்லை. உள்நாட்டு மொலாசஸ் குறைந்ததால் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டிய தேவையும் வடிசாலைக்கு ஏற்பட்டது. 2019 டிசம்பரில் கடலடி எண்ணெய் எடுக்கத் தொடங்கியது முதல் நாட்டின் பொருளாதாரம் வேறு திசையில் விரைந்து வளர்கிறது; கரும்பு வெட்ட ஆள் கிடைப்பதும் அரிதாகிவருகிறது.

டயமண்ட் தோட்டத்தின் கரும்பு வயல்களும் இன்று இல்லை. அவ்விடத்தில் பெரும் குடியிருப்புப் பகுதி உருவாகியுள்ளது. வடிசாலையின் மரபுரிமை மையத்தில் பழைய கருவிகளும் குறிகள் பொறித்த பீப்பாய்களும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. மர வடிகலங்கள் காட்சிப் பொருள்கள் அல்ல. மூன்றும் உற்பத்தியில் உள்ளன.